ஊர் கூடிப் பனி தள்ளினால் போதுமா?

போன வாரம் எங்க வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. செய்தி பழசு, 2022 டிசம்பர். அமெரிக்காவில் நயாகரா அருவி பார்க்கக் கிளம்பிய ஒன்பது கொரியச் சுற்றுலாப் பயணிகளும் அவர்களுடைய வேன் டிரைவரும் வழியில் பனிப்புயலில் மாட்டிக்கொள்கிறார்கள். வேன் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருந்த வீட்டுக் கதவைத் தட்டி, பனியை வாரித் தள்ள ஒரு ஷவல் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் அவர்களை உள்ளே கூப்பிட்டு, பத்துப் பேரையும் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்கிறார். அந்த வீட்டில் கணவன் மனைவி இருவருக்குமே கொரியச் சாப்பாடு என்றால் உயிராம். கொரிய மிளகாய்த்தூள் உட்பட எல்லாம் சமையலறையில் தயாராக இருந்திருக்கிறது. வந்தவர்கள் சமைக்க, எல்லோரும் சேர்ந்து கோழிக் குழம்பு சாப்பிட்டு, கிறிஸ்துமஸ் நேரத்துப் புயலை ஒரே கூரையின் கீழ் கழித்திருக்கிறார்கள்.

நல்ல கதை. எனக்கும் பிடித்தது. அதை அனுப்பிய நண்பன் கீழே ஒரு வரி சேர்த்திருந்தான் பாருங்க, அதில்தான் எனக்கு ஏறியது.

"பாரு மச்சி, ஊர் ஒண்ணு சேர்ந்தா கவர்ன்மென்டே தேவையில்ல. ஜனங்களே பார்த்துக்குவாங்க."

அதுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல். நான் மட்டும், "அதே புயல்ல 47 பேர் செத்த கதையையும் அனுப்புடா" என்று போட்டேன். உடனே நான் 'நெகட்டிவ் பார்ட்டி' ஆகிவிட்டேன். நல்லதைப் பார்க்கத் தெரியாதவன், எதிலும் குறை சொல்கிறவன், இன்னும் என்னென்னவோ. வாட்ஸப்பில் நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் முழு பதிலும் இங்கே. திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

(பனியைக் கண்ணால் பார்க்காதவன் பனிப்புயலைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். நான் பேசப்போவது பனியின் அழகைப் பற்றி இல்லை சார், கணக்கைப் பற்றி. பி.காம். படிப்பதற்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?)

முதலில், நடந்தது என்ன?

இடம் பஃபலோ. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரியின் கரையில் இருக்கும் ஊர். கொரியர்கள் தங்கிய வில்லியம்ஸ்வில் அதை ஒட்டிய ஒரு சிற்றூர். 2022 டிசம்பர் 23 வெள்ளிக்கிழமை புயல் ஆரம்பித்தது. பஃபலோ விமான நிலையத்தில் 37 மணி நேரம் விடாமல் பனிப்புயல் நிலை நீடித்தது. 27ஆம் தேதிக்குள் விழுந்த பனி 51.9 அங்குலம். நாலேகால் அடிக்கும் மேல். நம்மில் பல பேருக்கு நெஞ்சு வரை வரும்.

பஃபலோக்காரர்கள் பனிக்குப் புதியவர்கள் இல்லை. சித்திரை வெயில் நமக்கு எப்படியோ, மார்கழிப் பனி அவர்களுக்கு அப்படி. அந்த ஊரிலேயே நகரத் தீயணைப்புத் துறையால் அவசர அழைப்புகளுக்குப் போக முடியாமல் போனது. அந்த ஊர் வரலாற்றில் இப்படி நடந்தது அதுதான் முதல் முறை என்று அதிகாரிகளே சொன்னார்கள். ஆம்புலன்ஸ் மாட்டியது. பனி தள்ளும் வண்டியே பனியில் மாட்டியது. மீட்கப் போனவர்களை மீட்க இன்னொரு குழு போக வேண்டியிருந்தது.

இந்த நிலையில் ஜனங்கள் ஒருவருக்கொருவர் உதவினார்கள் என்பது சத்தியமான உண்மை. பனி ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் மருந்தும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முடிதிருத்தும் கடை ஒன்று ராத்திரி முழுக்கத் திறந்திருந்து, வழியில் மாட்டியவர்களுக்கு இடம் கொடுத்தது. முகம் தெரியாதவர்களை வீட்டுக்குள் சேர்த்தவர்கள் பலர். இதில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இந்த வகைக் கதைகளிலேயே மிகப் பிரபலமான ஒன்றை முழுசாகச் சொல்லிப் பார்ப்போம். பஃபலோவை ஒட்டிய சீக்டவாகாவில் ஒருவர் தன் வண்டி மாட்டி நின்றபோது, அங்கே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போனார். தன்னைப் போலவே மாட்டியிருந்தவர்களையும் தேடிப் போய் அழைத்து வந்தார். மொத்தம் 24 பேர் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிழைத்தார்கள். கிளம்பும்போது, ஜன்னலை உடைத்ததற்கும் சமையலறையில் சாப்பாடு எடுத்ததற்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். போலீஸ் வழக்குப் போடவில்லை. தேடிக் கண்டுபிடித்து நன்றி சொன்னது.

இதுவரைதான் ஃபார்வர்டில் வரும். வராதது ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன் அவர் பத்து வீட்டுக் கதவைத் தட்டியதாகச் சொன்னார். தரையில் படுக்க இடம் கொடுங்கள், 500 டாலர் தருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். ஒரு கதவும் திறக்கவில்லை.

அந்தப் பத்து வீட்டுக்காரர்களும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புயல் ராத்திரியில் முன்பின் தெரியாத ஆள் கதவைத் தட்டினால் நம் வீட்டில் எத்தனை பேர் திறப்போம்? விஷயம் அதுதான். ஒரே ஊர், ஒரே புயல். கொரியர்களுக்கு முதல் கதவே திறந்தது. இவருக்குப் பத்தும் திறக்கவில்லை. உயிர் பிழைப்பது யார் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்றால், அது ஏற்பாடு ஆகாது, லாட்டரி. லாட்டரியில் பரிசு விழுந்தவனைக் காட்டி, "இனிமே யாருக்கும் சம்பளமே வேண்டாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நண்பன் சொன்னது அதுதான்.

அந்த 47 பேர்

பஃபலோவும் சுற்றுப்புறமும் அடங்கிய ஈரி கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்) அந்தப் புயலில் இறந்தவர்கள் 47 பேர். சிலர் ரோட்டில், சிலர் காருக்குள், சிலர் கணப்பு நின்றுபோன வீட்டுக்குள். பனியை வாரித் தள்ளும்போது மாரடைப்பு வந்து இறந்தவர்கள் உண்டு. ஆம்புலன்ஸ் வர முடியாததால் இறந்தவர்கள் உண்டு.

பஃபலோ நகருக்குள் மட்டும் இறந்தவர்கள் 31 பேர். அதில் 20 பேர் கறுப்பர்கள். அந்த நகரத்தில் கறுப்பர்களின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு. பனி ஆள் பார்த்து விழாது. பிறகு இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பழைய வீடு, நிறுத்திவைக்க முடியாத வேலை, அலமாரியில் நாலு நாளுக்குச் சாமான் வாங்கிவைக்க முடியாத சம்பளம். இவையெல்லாம் புயலுக்கு வெகு நாள் முன்பே விழுந்த பனி.

அடுத்து நேரக் கணக்கு. இதை நான் பல தடவை படித்தேன். யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்ற தடையைக் கவுண்டி நிர்வாகம் டிசம்பர் 23 காலை 9.30-லிருந்து அமலுக்குக் கொண்டுவந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசி வேலை நாள் அது. ஒன்பதரை மணிக்குள் கடைக்காரர், நர்ஸ், கிடங்குத் தொழிலாளி எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தடை வந்தபோது அவர்கள் வீட்டில் இல்லை. திரும்பி வரும் வழியில் காரிலேயே மாட்டி இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு புயல் வரப்போகிறது என்பது தெரியாமல் இருந்ததா? வானிலைத் துறை நாள் கணக்கில் முன்பே எச்சரித்துக்கொண்டிருந்தது. அதே கவுண்டி, ஐந்து வாரத்துக்கு முன் நவம்பரில் வந்த பெரும்பனியின்போது, முந்தின இரவு 9 மணிக்கே தடை போட்டது. ஆக, செய்யத் தெரியாத காரியமும் இல்லை. தடை தாமதமாக வந்தது என்று, பின்னால் நகர நிர்வாகமே கேட்டு வாங்கிய நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு அறிக்கை 2023-ல் சொன்னது. நகரத்திடம் இருந்த வண்டிகளும் கருவிகளும் இந்த அளவுப் பனிக்குப் போதவில்லை என்றும் அது சொன்னது.

இப்போது யோசிச்சுப் பாருங்க. முதலாளி "இன்னிக்கு வரலைன்னா சம்பளம் இல்லை" என்கிறார். அரசாங்கம் "போகாதே" என்று சொல்லவில்லை. தொழிலாளி போகிறான். மாட்டிக்கொள்கிறான். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் கதவைத் திறந்து காப்பாற்றுகிறார், அல்லது யாரும் திறக்கவில்லை. நாம் அந்தப் புண்ணியவானைப் பற்றி ஆயிரம் ஃபார்வர்டு அனுப்புகிறோம். முந்தின நாள் ராத்திரி ஒரு உத்தரவு வந்திருந்தால் அவன் வீட்டிலேயே இருந்திருப்பான் என்பதைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் இல்லை. உத்தரவு போடுவதில் மனதைத் தொடும் கதை எதுவும் கிடையாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கவுண்டி தலைவர், பஃபலோ நகரின் வேலை வெட்கக்கேடு என்று வெளிப்படையாகச் சொன்னார். பின்னால் அப்போதைய மேயரிடம் மன்னிப்புக் கேட்டார். ஜனங்கள் ஒன்று சேர்ந்தபோது மேலே இருந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள். இதுவும் ஃபார்வர்டில் வராது.

காஸ்டிங் வகுப்பில் சொல்லாத பாடம்

"சரிடா, அது நிர்வாகக் கோளாறு. அதுக்காக எல்லா இடத்துலயும் ஆளும் வண்டியும் வாங்கிக் குவிக்க முடியுமா? வருஷத்துல நாலு நாள் வர்ற பனிக்கு வருஷம் பூரா சம்பளமா?" என்று இன்னொரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நாங்கள் படிக்கும் பாடத்திலேயே இருக்கும் கேள்வி. காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஐடில் கெப்பாசிட்டி' என்று ஒன்று உண்டு. வேலை இல்லாமல் நிற்கும் மெஷின், வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். இரண்டும் நஷ்டம். குறை, வெட்டு, லாபம் பார்.

தொழிற்சாலைக்கு அது சரி. தீயணைப்பு நிலையத்துக்கு? வண்டி சும்மா நிற்கிறது என்றால் ஊரில் தீ இல்லை என்று அர்த்தம். அதைப் போய் நஷ்டக் கணக்கில் எழுதுவோமா? பனி தள்ளும் வண்டியும் அதே ஜாதிதான். சும்மா நிற்கும் நாட்களில் அது இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

அப்புறம், அந்த ஆளை வெட்டினால் செலவு குறைகிறதா? ஒரு தெருவில் நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். வண்டி வரவில்லை. வீட்டுக்கு ஒருவர் மூன்று மணி நேரம் பனி வாருகிறார். 300 மணி நேர உழைப்பு. வண்டி வந்திருந்தால் ஒரு ஓட்டுநருக்குச் சில நிமிஷ வேலை. நகராட்சிக் கணக்குப் புத்தகத்தில் முதல் வழியில் செலவு பூஜ்யம், இரண்டாவது வழியில் சம்பளம், டீசல், தேய்மானம். எனவே முதல் வழி 'சிக்கனம்'. அந்த 300 மணி நேரம் எங்கே போனது? யார் புத்தகத்திலும் ஏறவில்லை. அதில் ஒரு அறுபது வயதுக்காரருக்கு மாரடைப்பு வந்தால் அதுவும் ஏறாது. செலவு குறையவில்லை மக்களே, இடம் மாறியிருக்கிறது. அந்த இடமாற்றத்துக்கு நாம் வைத்த அழகான பெயர்தான் 'ஊர் ஒண்ணு சேர்ந்தது'.

கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிஜக் கணக்கு. அதே மாநிலம், ஆனால் ஊர் நியூயார்க் நகரம், வருஷம் 2010.

வெட்டியது யார், திட்டு வாங்கியது யார்

நியூயார்க்கில் குப்பை அள்ளும் துப்புரவுத் துறைதான் பனியும் தள்ளுகிறது. அதே லாரி, அதே தொழிலாளி. குளிர்காலத்தில் குப்பை லாரியின் முன்னால் ஒரு பெரிய இரும்புத் தகட்டை மாட்டுவார்கள். புயல் வந்தால் குப்பை எடுப்பதை நிறுத்திவிட்டு, 12 மணி நேர ஷிஃப்டில் ரோட்டைத் திறப்பார்கள். தள்ள வேண்டிய ரோடு மொத்தம் 6,000 மைலுக்கும் மேல்.

2010 டிசம்பர் 26, 27 தேதிகளில் அங்கே பெரும் பனி. சென்ட்ரல் பார்க்கில் 20 அங்குலம். அதற்கு முந்தின இரண்டு வருஷத்தில் அந்தத் துறையில் ஏறக்குறைய 400 பேர் குறைக்கப்பட்டிருந்தார்கள். போதாததற்கு 100 மேற்பார்வையாளர்களைப் பதவி இறக்கம் செய்யப்போவதாகவும் அறிவித்திருந்தார்கள். எல்லாம் சிக்கனம். புயல் அன்று பனி நெருக்கடி நிலையும் அறிவிக்கவில்லை. அதனால் தனியார் கார்கள் ரோட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டன, அவற்றைத் தாண்டிப் பனி வண்டி போக முடியவில்லை. நூற்றுக்கணக்கான பஸ்கள் நடுரோட்டில் நின்றன. ஆம்புலன்ஸ்கள் மாட்டின. புரூக்ளினிலும் குவீன்ஸிலும் நாள் கணக்கில் வண்டி வராத தெருக்கள் இருந்தன. அப்போது மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க், நகரம் வழக்கம்போல இயங்குகிறது, பிராட்வே நாடக அரங்குகள் நிறைந்திருக்கின்றன என்ற தோரணையில் பேசினார். கார் மாட்டிக்கொண்டவனுக்கு நாடக டிக்கெட் எதற்கு?

ஜனங்களின் கோபம் மேயர் பக்கம் திரும்பியது. நாலே நாளில் வேறு பக்கம் திருப்பப்பட்டது. குவீன்ஸ் பகுதியின் நகரமன்ற உறுப்பினர் டான் ஹாலரன், துப்புரவுத் தொழிலாளர்கள் ஆள்குறைப்புக்குப் பழிவாங்க வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தார்கள், தொழிலாளர்களே என்னிடம் வந்து சொன்னார்கள் என்றார். பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. டிவி பிடித்துக்கொண்டது. தொழிற்சங்கம் மறுத்ததை யார் கேட்டார்கள்? வருஷப் பிறப்பன்று தொடர்ந்து பனி தள்ளிக்கொண்டிருந்த தொழிலாளியைத் தெருவில் போகிறவன் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

நகரத்தின் விசாரணைத் துறை மாதக் கணக்கில் விசாரித்தது. 2011 ஜூனில் அறிக்கை வந்தது. திட்டமிட்டு வேலையை மெதுவாக்கியதற்கு ஆதாரம் இல்லை. ஹாலரன் ஆதாரமாகச் சொன்ன ஆட்களில் பெயர் கொடுக்கப்பட்டவர்கள் அவர் சொன்னதை உறுதி செய்யவில்லை. மற்றவர்களின் பெயரை அவர் சொல்லவே மறுத்துவிட்டார். நெருக்கடி அறிவிக்காதது தப்பு என்று நிர்வாகமே நகரமன்ற விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தது. (ஹாலரன் பின்னால் இதற்குச் சம்பந்தமில்லாத ஒரு லஞ்ச வழக்கில் 2014-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2015-ல் பத்து வருஷ தண்டனை பெற்றார். சும்மா தகவலுக்கு.)

குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் வந்தபோது பார்த்த எல்லோரும் ஆறு மாதம் கழித்து வந்த அறிக்கையைப் பார்த்திருப்பார்களா? இதுதான் எனக்குப் பொறுக்காத இடம். புயலில் நல்லது நடந்தால் பெயர் 'மக்களுக்கு'. கெட்டது நடந்தால் பெயர் தொழிலாளிக்கு. 400 பேரைக் குறைத்துக் கையெழுத்துப் போட்ட பேனாவுக்கு மட்டும் எதிலும் பெயர் வராது. துப்புரவுத் தொழிலாளி 'மக்கள்' இல்லையா? அவனும் அதே குவீன்ஸில், அதே பனி மூடிய தெருவில் குடியிருப்பவன். பன்னிரண்டு மணி நேரம் ஊரான் வீட்டுத் தெருவைத் திறந்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் வாசல் பனியை வாருகிறவன்.

இது 2010-ல் மட்டும் நடந்த கதையும் இல்லை. 1969 பிப்ரவரியில் அதே நகரத்தில் 15 அங்குலப் பனி. பனி எடுக்கும் கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பழுதாகிக் கிடந்தது. 42 பேர் இறந்தார்கள், அதில் பாதிப்பேர் குவீன்ஸ்காரர்கள். பல நாள் அங்கே வண்டி எட்டிப் பார்க்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ஐ.நா. அதிகாரி ரால்ஃப் பன்ச் குவீன்ஸில்தான் குடியிருந்தார். அவரே மேயர் ஜான் லிண்ட்சேக்குத் தந்தி அடித்துப் புகார் செய்ய வேண்டியிருந்தது. நோபல் பரிசுக்காரர் தெருவுக்கே இந்தக் கதி. நிலைமையைப் பார்க்கப் போன மேயரின் கார் பனியில் மாட்டியது, ஜனங்கள் முகத்துக்கு நேராகக் கத்தினார்கள். அங்கே ஜனங்கள் ஒன்று சேரவில்லையா? சேர்ந்தார்கள். சேர்ந்து கேள்வி கேட்டார்கள். அதுவும் ஒற்றுமைதான் நண்பர்களே. நாம் அதை மட்டும் ஏனோ ஒற்றுமைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்போ உதவி செய்யவே கூடாதா?

இந்த இடத்தில் என் நண்பன் கேட்டான். "அப்போ கதவைத் திறந்த அந்தக் குடும்பம் தப்புப் பண்ணிடுச்சா? அடுத்தவனுக்கு உதவுறது உனக்குப் பிடிக்கலையா?"

அந்தக் குடும்பத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். என் சண்டை அவர்களோடு இல்லை. அவர்களைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிபவர்களோடு. அவர்களில் யாராவது "நாங்க கதவைத் திறந்தோம், அதனால ஆம்புலன்ஸ் வேண்டாம்" என்று சொன்னார்களா? சொன்னது நாம்தான், எட்டாயிரம் மைல் தள்ளி ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு.

நியூயார்க்கில் ஒரு சட்டம் இருக்கிறது. ரோட்டுப் பனி நகரத்தின் பொறுப்பு. வீட்டு முன்னால் உள்ள நடைபாதைப் பனி அந்த இடத்துச் சொந்தக்காரர் பொறுப்பு. பகலில் பனி நின்றால் நாலு மணி நேரத்துக்குள் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் அபராதம். வாரிய பனியை ரோட்டில் தள்ளவும் கூடாது. ஆக, பனி நின்ற மறுநாள் காலையில் தெரு முழுக்க ஆட்கள் ஷவலோடு நிற்கும் அந்த அழகான போட்டோவில் பாசமும் உண்டு, பயமும் உண்டு, ஒரு ஒப்பந்தமும் உண்டு. எது உன் வேலை, எது என் வேலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குடியிருப்பவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் அபராதச் சீட்டு வருகிறது. நகரம் தன் பங்கைச் செய்யாவிட்டால்? அங்கேதான் நாம் "ஒண்ணு சேர்ந்து சமாளிச்சாங்க" என்று கவிதை பாடி ஒப்பந்தத்தின் மறுபக்கத்தைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம்.

அதே நகரத்தில் நல்ல ஏற்பாடு ஒன்றும் உண்டு. பெரும்பனி வந்தால் பஸ் நிறுத்தம், ரோடு கடக்கும் இடம், தண்ணீர்க் குழாய்முனை இவற்றைச் சுத்தம் செய்ய ஊர்க்காரர்களையே தற்காலிகமாக வேலைக்கு எடுக்கிறார்கள். துப்புரவுத் துறையில் பெயர் பதிந்து, ஷவலை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். மணிக்கணக்கில் கூலி. தொழிலாளியும் குடியிருப்பவரும் ஒரே தெருவில் ஒரே வேலை. இதுவும் ஊர் கூடுவதுதான், ஆனால் இந்தக் கூடலுக்குப் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறது.

பட்ஜெட் என்றதும் இன்னொன்று. நியூயார்க் நகர சாசனப்படி, பனி அகற்றும் பட்ஜெட்டை முந்தின ஐந்து வருஷச் செலவின் சராசரியை வைத்துப் போடுகிறார்கள். சராசரி என்பது பரீட்சைக்கு நல்ல விடை. நாலடி ஆழ சராசரி ஆற்றில் மூழ்கி இறந்தவனின் கதையை எங்கள் புள்ளியியல் வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்னார். ஐந்து வருஷம் பனி குறைவாக இருந்தால் ஆறாவது வருஷப் புயல் ஒப்புக்கொள்ளுமா? செலவு தாண்டினால் பின்னால் பணம் ஒதுக்கிக்கொள்ளலாம், சரி. ஆனால் பின்னால் ஒதுக்கும் பணத்தால் பயிற்சி பெற்ற ஓட்டுநரைப் புயல் ராத்திரியில் வாங்க முடியாது. அவன் முந்தின வருஷமே வேலையில் இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊரே வடம் பிடிக்கும். போட்டோவில் வடம் பிடித்த கூட்டம்தான் தெரியும். சக்கரத்துக்குப் பக்கத்தில், குனிந்தபடி, முட்டுக்கட்டையோடு நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். தேர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் அவர்கள் கையில். கால் தவறினால் சக்கரம் ஏறிவிடும். வருஷக்கணக்கில் பழகிய வேலை அது. ஆனால் நம் பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் காரியத்தைக் கெடுக்கிறவன் என்று அர்த்தம்! 2010-ல் நியூயார்க் துப்புரவுத் தொழிலாளிக்கு நடந்தது இதேதான்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி முட்டுக்கட்டைக்காரனை வீட்டுக்கு அனுப்பினால் தேர் எங்கே போய் நிற்கும்? கூட்டத்து மேலேதான்.

அதனால் மச்சி, அடுத்த தடவை இந்த மாதிரிக் கதை வந்தால் தாராளமாக அனுப்பு, நானும் கட்டைவிரல் போடுகிறேன். கூடவே மூன்று கேள்வி கேள். எச்சரிக்கை எப்போது வந்தது, தடை எப்போது வந்தது? அந்த வருஷம் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், அதற்கு முன் எத்தனை பேர்? எந்தத் தெரு கடைசியில் திறந்தது? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், அந்த ஊர் நிஜமாகவே ஒன்று சேர்ந்திருக்கிறது என்று நானும் சேர்ந்து கொண்டாடுகிறேன்.

அது தெரியும் வரைக்கும் அந்தக் கொரியக் கோழிக் குழம்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தட்டியும் திறக்காத பத்துக் கதவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நெகட்டிவ் பார்ட்டி என்றே வைத்துக்கொள்.

பி.கு: காஸ்டிங் இன்டர்னல் பரீட்சை திங்கட்கிழமை. 'ஐடில் கெப்பாசிட்டி' கேள்வி வந்தால் புத்தகத்தில் இருப்பதையே எழுதவும். இங்கே இருப்பதை எழுதி மார்க் போனால் கம்பெனி பொறுப்பல்ல :-)